முதுகில் ஏறிய ஏழரை

ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் பாவ மூட்டையை இறக்கி வைப்பதற்காகப் போவார்கள். நானோ புதிதாக ஒரு மூட்டையை விலை கொடுத்து வாங்கி, முதுகில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த மூட்டையைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வருஷமும் ஒரு மடிக்கணினியும் செலவாயின என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். உங்கள் வீட்டிலும் காமிராவும் கையுமாக ஊர் சுற்றுகிற பெண்ணோ பிள்ளையோ இருக்கக்கூடும் அல்லவா?

முதல் பிரயாணம் 2022-ம் வருஷம், மார்ச் மாதம். பாட்டிக்கு அப்போது எண்பத்து நாலு வயது. கொழும்பில் தாத்தாவுக்குக் கணக்கர் வேலை. கல்யாணமான புதிதில், 1958-ல், எழும்பூரிலிருந்து போட் மெயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கியவள் பாட்டி. "அந்த ஸ்டேஷனை ஒரு தரம் பார்த்துவிட்டால் தேவலை" என்று அடிக்கடி சொல்வாள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவில் வீசிய புயல் ஸ்டேஷனையும் ஊரையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலே பிரயாணிகளோடு கடலுக்குள் போன இரவு அது. ஆனாலும் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். இடிந்து நின்ற சுவர் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றாள். நான் நாற்பது படங்களுக்குக் குறையாமல் எடுத்தேன்.

அன்றிரவு விடுதியில் படங்களை மடிக்கணினியில் ஏற்றினேன். மறுநாளைக்கு இடம் வேண்டுமே என்று காமிராவின் கார்டைத் துடைத்து வைத்தேன். இதுதான் நான் செய்த முதல் தவறு. மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டதால் எல்லாச் சாமானும் என்னோடேயே அரிச்சல்முனைக்கு வந்தன. தோளில் மாட்டுகிற ஒற்றைப் பட்டைப் பை. பார்க்க அழகு, தோளை அறுப்பதில் ரம்பம். வலி தாங்காமல் அதை மணலில் இறக்கி வைத்தேன். இது இரண்டாவது தவறு.

அங்கே ஒரு பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்றும், மறு பக்கத்துக் கடலை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். என் பையை நனைத்தது இரண்டில் எது என்று நான் விசாரிக்கவில்லை. ஒரே அலைதான். உப்புத் தண்ணீர் குடித்த மடிக்கணினி அப்புறம் கண் திறக்கவே இல்லை. சென்னையில் இரண்டு கடைக்காரர்கள் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். கைப்பேசியில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்த ஒரே ஒரு படம்தான் மிஞ்சியது. அதில் பாட்டியின் முகம் பாதிதான் தெரியும். சுவரில் வைத்த கை மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. அடுத்த வருஷமே பாட்டி போய்விட்டாள்.

ஆகவே, போன வருஷம் மறுபடியும் தனுஷ்கோடிக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னபோது, "முதலில் பை" என்றேன். அம்மாவும் கடைக்கு வந்தாள்.

போவதற்கு முன் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இதை நீங்களும் அவசியம் செய்யுங்கள். காமிரா முக்கால் கிலோ, அதோடு எப்போதும் இருக்கிற லென்ஸ் முக்கால், தூரத்துப் பறவைகளை இழுத்து வருகிற நீள லென்ஸ் ஒன்றரை, மடிக்கணினி ஒன்றேகால், சார்ஜர், பாட்டரி வகையறா அரை, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மொத்தம் ஐந்தே முக்கால். பின்னால் வாங்கின பையின் எடை ஒன்றே முக்கால். ஆக, ஏழரை! அம்மா அந்த எண்ணைக் கேட்டதும் சனீசுவரனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம் உள்நாட்டு விமானங்களில் கையோடு எடுத்துப் போகச் சாதாரணமாக 7 கிலோதான் அனுமதி. தண்ணீரைக் கழித்தால் நான் தப்பினேன். தனி லித்தியம் பாட்டரிகளைக் கீழே ஏற்றுகிற பெட்டியில் போடவும் கூடாது. கையோடுதான் வர வேண்டும்.

கடையில் பையன் பை பையாக இறக்கினான். "எடுத்துப் பாருங்க மேடம், பஞ்சு மாதிரி இருக்கும்." இருந்தது, காலியாக இருந்ததால்!

"தம்பி, குடத்தைத் தண்ணீரோடு தூக்கிப் பார்த்தால்தானே தெரியும்?" என்றாள் அம்மா. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களை ஒவ்வொரு பையிலும் போட்டு என்னை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாள். வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது பையில்தான் விஷயம் விளங்கியது. கனமானது முதுகை ஒட்டி இருந்தால் நிமிர்ந்து நடக்கலாம். முதுகை விட்டு விலகி வெளிப்பக்கம் தொங்கினால் அது நம்மைப் பின்னால் இழுக்கிறது, நாம் கூனிக்கொண்டு ஈடு கட்டுகிறோம். "குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மைல் நடக்கலாம்; கையை நீட்டித் தூக்கினால் தெருவைத் தாண்ட முடியுமா?" என்று அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

இடுப்பு என்றதும் இன்னொன்று. நல்ல பைக்கு இடுப்புப் பட்டை உண்டு. அலங்காரத்துக்கு வைத்த மெல்லிய நாடாவைச் சொல்லவில்லை; மெத்தை வைத்த அகலப் பட்டை. அது இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் பாரத்தில் பெரும் பங்கு தோளை விட்டு இறங்கிவிடும். அதற்குப் பை நம் முதுகின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்குமே, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஆறடி ஆண்பிள்ளைக்குத் தைத்த பையை ஐந்தடிப் பெண் மாட்டினால் பட்டை இடுப்பில் நிற்காமல் தொடையில் இடிக்கும். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற நாம் பைக்கு ஏன் கொடுப்பதில்லை?

மடிக்கணினியின் உறையிலும் ஒரு சூட்சுமம். "பதினைந்து அங்குலம்" என்று கடையில் சொல்வது திரையின் மூலைக்கு மூலை அளவு. ஒரே அளவுத் திரையுள்ள இரண்டு கணினிகளில் ஒன்று பூரிப் பலகை மாதிரி பருமனாக இருக்கும். உங்களுடையதையே கொண்டுபோய் நுழைத்துப் பாருங்கள். உறையின் அடி, பையின் அடியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே தொங்க வேண்டும். இல்லாவிட்டால் ரயிலில் பையைத் தொப்பென்று வைக்கும்போதெல்லாம் கணினி தரையில் மோதும்.

தண்ணீர் புகாது என்று பையன் சத்தியம் செய்தான். துணி புகவிடாமல் இருக்கலாம். ஜிப்பும் தையலும் என்ன செய்யும்? தனியாக ஒரு மழைத் தொப்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் நாலைந்தும் போட்டேன். புழுக்கமான ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பூப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறம் மண் சாம்பல். காமிராக் கம்பெனியின் பெயரைப் பெரிதாகப் போட்ட பையைத் தொடவில்லை. திருடனுக்கு நாமே விளம்பரம் செய்வானேன்? விலை 6,000 ரூபாய்ச் சொச்சம். அம்மா பேரம் பேசி மழைத் தொப்பியை இலவசமாக்கினாள்.

இந்தத் தடவை ரயிலில் போனோம். விடியற்காலையில் பாம்பன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே நிமிர்ந்து மேலே எழும்புகிற பாலம். பக்கத்தில் 1914-ல் திறந்த பழைய பாலம் வேலையை விட்ட பெரியவரைப் போல் நின்றது. ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் அம்மா முழுகி வரும் வரை நான் வெளியே பையோடு உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குள் காமிராவும் கூடாது, கைப்பேசியும் கூடாது. அப்புறம் அம்மா ஈரத் தலையோடு பையைக் காத்தாள். நான் முழுகப் போனேன்.

மறுநாள் தனுஷ்கோடி. ஒரு காலத்தில் மணலில் தத்தளித்துப் போகிற வண்டிகளைத் தவிர வேறு வழி இல்லாத இடம். 2017-லிருந்து முனை வரைக்கும் தார் ரோடு. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே நாம். சர்ச்சின் பவழப்பாறைக் கற்கள் இன்னும் நிற்கின்றன. கிளிஞ்சல் மாலை விற்கிற அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"பையைக் கீழே வையி தாயி. எவ்வளவு நேரந்தான் சுமப்பே?"

"வைக்கமாட்டேன் அம்மா, ஒரு தரம் வைத்துவிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பை முதுகுப் பக்கமாகத் திறக்கிறது. தோள் பட்டைகளைக் கழற்றி, இடுப்புப் பட்டையை மட்டும் விட்டு, பையை வயிற்றுப் பக்கம் சுழற்றினால் அதுவே மேஜை. உள்ளே அறை அறையாகப் பிரித்த தடுப்புகளுக்கு நடுவே காமிரா. மணலும் படாது, கூட்டத்தில் பின்னால் நிற்கிறவன் ஜிப்பை இழுக்கவும் முடியாது.

ஸ்டேஷன் சுவரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேடினோம். அம்மா கைப்பேசியில் அந்த ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவராக ஒத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு விரிசலின் பக்கத்தில் நின்று, "இங்கேதான்" என்றாள். பாட்டி வைத்த இடத்திலேயே கையை வைத்தாள். காற்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. நான் பதினொரு படங்கள் எடுத்தேன். பன்னிரண்டாவதற்குக் கண் மங்கிவிட்டது, லென்ஸின் குற்றமல்ல.

அன்றிரவு விடுதியில் படங்களை மடிக்கணினியில் ஏற்றினேன். சின்ன டிஸ்க் ஒன்றிலும் ஒரு பிரதி எடுத்தேன்.

"கார்டைத் துடைத்துவிட்டாயாடி?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லை. புதிதாக இன்னொரு கார்டு வாங்கி வந்திருக்கிறேன்."

"அந்த டிஸ்க் எந்தப் பையில் வரப்போகிறது?"

"இதில்தான்."

"கொடு இப்படி" என்று வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, கோயில் குங்குமத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்குப் பையில் போட்டு இழுத்து முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். சென்னை வந்து சேரும் வரை அதை அவள் எடுக்கவே இல்லை.