மகளின் கணினியும் திறக்காத வாசலும்



உங்கள் வீட்டிலும் இப்பொழுது கணினி படிக்கும் பிள்ளையொன்று இருக்கலாம். இராச் சாப்பாடு ஆறிக் கிடக்க, கறுப்புத் திரையின் வெள்ளை எழுத்துகளைப் பார்த்தபடி, "போகுதில்ல உம்மா, போகுதில்ல" என்று அது கண் கலங்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். என்ன போகவில்லை, எங்கே போகவில்லை என்று கேட்டால் விளக்கிச் சொல்லும் நிலையில் அது இருக்காது. "மூடி வைத்துவிட்டுத் தூங்கு, காலையில் பார்க்கலாம்" என்று நாமும் போய்விடுகிறோம். நானும் அப்படிச் சொல்லிப் பழகியவன்தான். ஒரேயோர் இரவு மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அந்தப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்தியவன் நான்.

உயர்தரம் முடித்த கையோடு, மென்பொருள் படிக்கக் கொழும்புக்குப் போகவேண்டும், விடுதியில் தங்கவேண்டும் என்று மகள் கேட்டாள். நான் மறுத்தேன். "இப்போது எல்லாம் இணையத்தில்தானே நடக்கிறது? ஹட்டனில் இருந்தே படிக்கலாம், வேலையும் செய்யலாம்" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டிலிருந்தே ஒரு டிப்ளோமாவில் சேர்ந்தாள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வீட்டிலிருந்து படிக்கும் ஒரு பிள்ளை அவளுக்குத் தோழியானாள். கடைசித் தவணையில் இருவரும் சேர்ந்து ஒரு செயலி செய்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் அன்றன்று தாங்கள் கொடுத்த நிறையைத் தங்கள் தொலைபேசியிலேயே குறித்து வைத்துக்கொள்ளும் செயலி அது. தாய் தினமும் நிறைக் கணக்கைப் பற்றி முணுமுணுப்பதைக் கேட்டே வளர்ந்த அந்தத் தோழியின் யோசனை.

2024 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்று. இரவு 12 மணிக்குள் வேலை முழுவதும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தென்மேல் பருவக்காற்று மழை எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்று மலையகச் சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அஸர் நேரத்தில் மின்சாரம் போனது. அதோடு வீட்டு ரவுட்டரின் விளக்கும் அணைந்தது.

எங்கே போகவேண்டும் அந்த வேலை?

இதை முதலில் விளங்கிக்கொள்வோம். இப்பிள்ளைகள் எழுதும் நிரல்களைக் கவனித்து வைப்பதற்குக் 'கிட்' என்றொரு கருவி உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் செய்தது. உங்கள் சீட்டுக் கணக்குக் கொப்பியை எண்ணிப் பாருங்கள். ஒருத்தியிடம் மட்டும் கொப்பி இருந்தால், அது தொலைந்த அன்று கணக்கும் தொலைந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் முதல் நாளிலிருந்து முழுக் கணக்கும் இருந்தால்? கிட் செய்வது அதைத்தான். பிள்ளை 'கொமிட்' செய்யும்போது வேலை அவளுடைய கணினியிலேயே பதிவாகிவிடுகிறது. அதற்கு இணையம் வேண்டியதில்லை. பிறகு அதைத் தூரத்திலுள்ள பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவதே 'புஷ்'. கித்ஹப் போன்ற நிறுவனங்கள் அந்தக் களஞ்சியங்களை வைத்திருக்கின்றன. எங்கள் மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கி, கடலடிக் கம்பிகளில் ஏறி, நாடு கடந்து போகிற பயணம் அது.

ஆகவே சகோதரிகளே, பிள்ளை "போகுதில்ல" என்றால் வேலை அழிந்துவிட்டது என்று பொருளல்ல. வேலை வீட்டில்தான் இருக்கிறது. வழியில்தான் எங்கோ தடை. இந்த ஒன்றை அறிந்திருந்தால் பாதி அழுகை குறையும். அன்று எனக்கு இதுவும் தெரியாது.

முதல் தடை

மகள் என் தொலைபேசியின் இணைப்பைப் பிடித்து அனுப்பிப் பார்த்தாள். களஞ்சியத்தின் பெயருக்குரிய முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. "அந்தக் கம்பெனியே விழுந்துவிட்டதோ?" என்று கேட்டேன். "வாப்பா, வேறு ஏதாவது திறக்குதா என்று பாருங்க" என்றாள். எதுவும் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு இணையத்தில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைக்கூட எங்களால் எட்ட முடியவில்லை. காரணம் மிகச் சிறியது. என் டேட்டா முடிந்திருந்தது! குடையை எடுத்துக்கொண்டு ரீலோட் போடப் போனால், மின்சாரமில்லாமல் கடைகள் மூடிக் கிடந்தன.

இரண்டாம் தடை

நகரத்தில் உறவினர் ஒருவரின் அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. இஷாவுக்குப் பிறகு மகளையும் அவள் உம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். வைஃபை கிடைத்தது. இணையப் பக்கங்கள் எல்லாம் திறந்தன. ஆனால் புஷ் மட்டும் போகவில்லை. நெடுநேரம் காத்திருந்துவிட்டு, 22ஆம் வாசலில் பதிலில்லை, நேரம் கடந்துவிட்டது என்று சொன்னது.

ஒரு கட்டடத்துக்குப் பல வாசல்கள் இருப்பது போல, கணினிகள் பேசிக்கொள்ளவும் இலக்கமிட்ட வாசல்கள் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 443. எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழிக்கு 22. பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக் கேட்டுத் திருடியதைக் கண்டு, 1995இல் பின்லாந்தின் தாத்து யூலொனென் செய்த வழி அது. பல அலுவலகங்கள் இணையப் பக்கங்களுக்கான வாசலை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை மூடிவிடும். பக்கங்கள் திறக்கின்றன, புஷ் மட்டும் நிற்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இதற்கென்றே எஸ்.எஸ்.எச். வழியை 443ஆம் வாசலிலும் கித்ஹப் திறந்து வைத்திருக்கிறது. மகள் தன் கணினியின் அமைப்பில் அதற்கான சில வரிகளை எழுதினாள்.

அப்போது ஒரு கேள்வி வந்தது. "இந்த இடத்தை நான் முன்பு அறிந்ததில்லை. இதன் அடையாளம் இது. தொடரவா?" என்ற கருத்தில் நின்றது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. "ஆம் என்று போடு மகள்" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள். "யாரென்று பார்க்காமல் கதவைத் திறக்கலாமா வாப்பா?" என்று என்னையே கேட்டாள். கித்ஹப் தன் அடையாள எழுத்துகளைத் தன் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது. அதைத் திறந்து, ஓரெழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொடர்ந்தாள். இந்த எச்சரிக்கையைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. கித்ஹப்பின் இரகசியத் திறவுகோல்களில் ஒன்று தவறுதலாகச் சற்று நேரம் வெளியே தெரிந்துவிட்டதால், 2023 மார்ச் 24இல் அவர்கள் அதை மாற்றினார்கள். அன்று உலகெங்கும் பலருடைய திரைகளில் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. அன்று அது உண்மையான மாற்றம். இன்னொரு நாள் அது இடையில் புகுந்த திருடனாகவும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பவளுக்கே வித்தியாசம் தெரியும்.

மூன்றாம் தடை

இணைப்பைச் சோதித்தபோது களஞ்சியம் அவளுடைய பெயரைச் சொல்லி வரவேற்றது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். புஷ் செய்தாள். மறுபடியும் சிவப்பு எழுத்து! நிராகரிக்கப்பட்டது, அனுப்ப முடியவில்லை.

மணி 11.20. அவள் உதடு துடித்தது. வகுப்பில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: 'ஃபோர்ஸ்' என்றொரு சொல்லைச் சேர்த்தால் எந்த மறுப்பையும் மீறிப் போய்விடும் என்று. அதைத் தட்டியும் விட்டாள். என்டரை அழுத்துவது மட்டுமே மிச்சம்.

கணினியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இருபது வருடங்களாக அரபு கற்பிக்கிறேன். உயிர்க்குறிகள் இல்லாத அரபு வரியைப் படிக்கும் மாணவன் முதற்சொல்லிலேயே அவசரப்பட்டால், செய்தவனைச் செய்யப்பட்டவன் என்று படித்துவிடுவான். வாக்கியத்தின் முடிவுவரை கண்ணை ஓடவிடு, பிறகு வாயைத் திற என்பேன். பழக்கத்தில் அதுவே வந்தது. "மகள், கீழே இன்னும் வரிகள் இருக்கின்றனவே, முழுவதையும் வாசி."

வாசித்தாள். உன்னிடம் இல்லாத வேலை தூரக் களஞ்சியத்தில் இருக்கிறது, அதனால்தான் மறுத்தேன், வேறு யாரோ அனுப்பியிருக்கலாம், முதலில் அதை எடுத்துக்கொள் என்பது அதன் கருத்து.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேறு யார்? தோழிதான்! அவளுடைய லயத்தில் சிக்னல் கிடையாது. தோட்டத்தின் உச்சியிலுள்ள தண்ணீர்த் தாங்கியடிக்கு ஏறினால்தான் கிடைக்கும். அந்த மழையில், மாலையில், மலையேறி நின்று தன் பங்கை அனுப்பியிருக்கிறாள். இது இணைப்புத் தடையே அல்ல. வாசல் திறந்துதான் இருந்தது. உள்ளே இன்னொருத்தியின் உழைப்பு இருக்கிறது, அதன்மேல் மிதிக்காதே என்றுதான் காவற்காரன் கையை நீட்டியிருக்கிறான்.

மகள் அந்த என்டரை அழுத்தியிருந்தால்? தோழியின் கணினியில் பிரதி இருந்திருக்கும்தான். ஆனால் நள்ளிரவில் பரீட்சகர் எடுத்துக்கொண்ட களஞ்சியத்தில் அந்தப் பிள்ளையின் கடைசி வேலை இருந்திராது. ஒவ்வொருவரும் செய்ததைத் தனித்தனியே பார்த்துப் புள்ளியிடும் பரீட்சை அது. மலையேறி நனைந்தவள் ஒன்றும் செய்யாதவளாகக் கணக்கில் நின்றிருப்பாள். அமானிதம் என்ற சொல்லை நான் எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அன்றிரவு அது ஒரு பொத்தானுக்கு மேல் நின்ற விரலில் இருந்தது.

தட்டியதை அழித்துவிட்டு, தோழி அனுப்பியதை முதலில் கீழே எடுத்தாள். ஒரு கோப்பில் மட்டும் இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, தோழி எழுதியதே திருத்தமானது என்று அதை வைத்தாள். 11.47க்குப் புஷ் போய்ச் சேர்ந்தது. அவள் உம்மா கதிரையிலேயே தூங்கிப் போயிருந்தார்.

உங்கள் வீட்டுக்கு

சகோதரிகளே, நிரல் எழுதத் தெரியாத உம்மாவும் பிள்ளைக்கு உதவலாம். மூன்று கேள்விகள் போதும். "வேறு பக்கங்கள் திறக்கின்றனவா?" இல்லையென்றால் மின்சாரம், ரவுட்டர், டேட்டா. "வாசல் வரை போனதா, பதிலே இல்லையா?" பதில் இல்லையென்றால் மூடிய வாசல், வேறு இணைப்பையோ 443ஐயோ பாருங்கள். "போய்ச் சேர்ந்த பிறகு மறுக்கிறதா?" அப்படியென்றால் வழியில் குற்றமில்லை, மறுப்பின் காரணத்தைக் கடைசி வரிவரை வாசிக்கச் சொல்லுங்கள். திறவுகோல் பொருந்தாமல் இருக்கலாம். பழைய வழக்கப்படி கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கலாம். 2021 ஆகஸ்ட் 13 முதல் கித்ஹப் புஷ் செய்வதற்கு அதை ஏற்பதில்லை, டோக்கனோ திறவுகோலோ வேண்டும். அல்லது பெரிய வீடியோவைச் சேர்த்திருக்கலாம். ஒரு கோப்பு 100 மெகாபைட்டைத் தாண்டினால் அங்கே இடமில்லை. இடையில் அறுந்துபோனால் 'போஸ்ட் பஃபர்' என்ற அளவைக் கூட்டு என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலான தடைகளுக்கு அது மருந்தல்ல என்று கிட்டின் சொந்தக் கையேடே சொல்கிறது. கோப்பைச் சிறிதாக்குவதும், அன்றன்றைய வேலையை அன்றன்றே அனுப்புவதுமே மருந்து.

எல்லாத் தடையும் நம் கைக்குள் அடங்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மண்சரிவுகளால் மலையகத்தின் பாதைகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் போயின. அப்போது ஆராய எதுவுமில்லை, பொறுத்திருக்க மட்டுமே முடிந்தது. செய்த வேலை கணினியில் பத்திரமாகக் கொமிட் ஆகியிருந்தது. இணைப்பு வந்த அன்று அது போனது.

இறுதியாக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. "வீட்டிலிருந்தே எல்லாம் செய்யலாம்" என்று மகளிடம் சொன்னேனே, சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். பெண்பிள்ளையை வீட்டில் இருத்துகிறவன், அவள் வேலை வீட்டைவிட்டு வெளியே போவதற்கான வழியையும் செய்து கொடுக்க வேண்டாமா? மறுவாரமே ரவுட்டருக்கு ஒரு சிறிய பேட்டரியும், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் வாங்கினேன். தோழிக்குப் பரீட்சைக் காலங்களில் எங்கள் வீட்டு முன்னறை என்று அவள் தாயிடம் போய்ச் சொல்லி வந்தேன். "சேர், இனி மழையில மலை ஏற வேணாம்" என்று அந்தத் தாய் சிரித்தார். கொழும்புப் பேச்சை மகள் மறுபடி எடுத்தால், இம்முறை இன்ஷா அல்லாஹ் கடைசி வரிவரை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.