பத்திரமாக வைத்திருக்கிறேன்

சென்ற செவ்வாய்க்கிழமை ஆபீசில் பரீட்சை எழுதினேன். பத்துக்கு ஒன்பது. ஐம்பத்திரண்டு வயதில் என்ன பரீட்சை என்று கேட்காதீர்கள். மெல்பர்னில் வேலைக்கு இருப்பவன் ரிட்டயர் ஆகும்வரை எழுதிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஏணியில் ஏறுவது எப்படி, நாற்காலியில் முதுகு வலிக்காமல் உட்காருவது எப்படி, தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் இருபது நிமிஷப் பாடம், கடைசியில் பத்துக் கேள்வி. இந்த வாரப் பாடம், நவீன அடிமைமுறை.

நான் கோட்டை விட்டது எட்டாவது கேள்வியில். "வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார். இது அடிமைமுறையின் அறிகுறியா?" ஆம், இல்லை, போதிய விவரம் இல்லை. நான் மூன்றாவதைத் தட்டினேன். திரையில் சிவப்பாகப் பெருக்கல் குறி வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. நம் வீடுகளில் யாருடைய பொருள் யாரிடம் பத்திரமாக இருக்கவில்லை? அத்தையின் வளையல் அம்மா பீரோவில். தம்பியின் சர்ட்டிபிகேட் அண்ணன் பெட்டியில். நான் முதல் தடவை விமானம் ஏறியபோது என் பாஸ்போர்ட்டை மீனம்பாக்கம் வாசல்வரை மாமாதான் மஞ்சள் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். இதையெல்லாம் ஒரு வெள்ளைக்காரப் பாடம் அறிகுறி என்கிறதா?

அந்தப் பாடத்தில் ஓர் உலக வரைபடமும் உண்டு. ஆபத்து அதிகமுள்ள நாடுகள் சிவப்பில். இந்தியா நல்ல குங்குமச் சிவப்பு. ஆஸ்திரேலியா வெளிர்பச்சை. இந்த வெளிர்பச்சை நாட்டின் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், சிலரை ஏமாற்றி, சிலரைக் கடத்தி. பீஜித் தீவின் கரும்பை நினைத்துப் பாரதி அழுதது நமக்குத் தெரியும். அந்தக் கரும்பைப் பிழிந்து சர்க்கரையாக்கிய பெரிய கம்பெனியின் தலைமையகம் சிட்னியில் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே வந்து பத்து வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. வரைபடத்துக்குப் பழைய கணக்கெல்லாம் வேண்டாம் போலிருக்கிறது. புதுக் கணக்கும் இருக்கிறது. 2023-இல் வந்த உலக அடிமைமுறைக் குறியீடு ஆஸ்திரேலியாவில் 41,000 பேர் இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிடுகிறது. (அதே புத்தகத்தில் இந்தியாவுக்கு 1 கோடியே 10 லட்சம். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டினேன்.)

இந்தப் பரீட்சை ஏன் வந்தது என்று சொல்லியாக வேண்டும். 2018-இல் இங்கே நவீன அடிமைமுறைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். ஆண்டு வருவாய் 10 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் உள்ள எந்த நிறுவனமும் வருஷாவருஷம் ஓர் அறிக்கை எழுத வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள். அதில் ஏழு விஷயங்கள் இருந்தாக வேண்டும்: நீ யார், உன் அமைப்பும் கொள்முதல் சங்கிலியும் எப்படி, அதில் அடிமைமுறை ஆபத்து எங்கே, அதற்கு என்ன செய்தாய், செய்தது பலித்ததா என்று எப்படிப் பார்க்கிறாய், உன் கிளை நிறுவனங்களோடு கலந்தாலோசித்தாயா, ஏழாவதாக 'வேறு ஏதாவது'. இயக்குநர் குழு ஒப்புதல் தர வேண்டும், பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அது அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சரி, அறிக்கையே தராவிட்டால்? அமைச்சர் விளக்கம் கேட்கலாம், பெயரை வெளியிடலாம். அபராதம்? சட்டத்தில் வைக்கவில்லை. அபராதம் வேண்டும் என்று 2023-இல் மறுஆய்வு அறிக்கை ஒன்று பரிந்துரைத்தது. இது, குப்பைத் தொட்டியில் தப்பான சாமானைப் போட்டால் மூடியில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிற ஊர். பார்க்கிங்கில் கூடுதலாக ஐந்து நிமிஷம் நின்றால் வைப்பரில் அபராதச் சீட்டு செருகுகிற ஊர். மனிதனை மனிதன் அடிமையாக வைத்திருக்கிற விஷயத்தில் மட்டும் கட்டுரை எழுதினால் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

எங்கள் நிறுவனமும் கட்டுரை எழுதுகிறது. நான் கொள்முதல் பிரிவில் இருப்பதால் அதற்கு வேண்டிய விவரம் திரட்டுவது என் தலையில். சீருடை டி-ஷர்ட்டுகள் திருப்பூரிலிருந்து வருகின்றன. நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பினேன். பதினோரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. நாற்பத்திரண்டுக்கும் 'நோ'. குழந்தைத் தொழிலாளர் உண்டா? நோ. சம்பளத்தைப் பிடித்து வைக்கிறீர்களா? நோ. தொழிலாளர்கள் விரும்பினால் வேலையை விட்டுப் போக முடியுமா? நோ.

போன் போட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க சார், எல்லாத்துக்கும் நோதானுங்களே போடோணும்? அதை மட்டும் எஸ் ஆக்கிடறனுங்க. ஆளுங்க எப்ப வேணாலும் போயிறலாமுங்க. நாங்கதான் ஆள் கெடைக்காம அல்லாடறோம்."

"நூல் எங்கேயிருந்துங்க வருது?"

"மில்லுல இருந்துதானுங்க."

"எந்த மில்?"

"அது ஏஜென்ட் பாத்துக்குவாருங்க."

இரண்டு நிமிஷத்தில் திருத்திய படிவம் வந்தது. நூலைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை. திண்டுக்கல், கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். கல்யாணச் செலவுக்கு மூன்று வருஷக் கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்குவார்கள். கேட் தாண்ட விடமாட்டார்கள். உடம்புக்கு முடியாமல் மூன்றாவது வருஷம் நடுவில் நின்றுவிட்டால் அந்த மொத்தப் பணம் பலருக்குக் கைக்கு வந்ததில்லை. கேம்ப் கூலி என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அதை ஆங்கிலப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சட்டம் என்றால் நம்முடையது சட்டம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. இவர்களுக்கு நாற்பத்திரண்டு வருஷம் முந்தியது. நிறுவனம் அறிக்கை எழுதுவது, இணையத்தில் ஏற்றுவது ஒன்றும் கிடையாது. கடன் ஒழிந்தது, கடனாளி விடுதலை, அவ்வளவுதான். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவன் மேல். எழுதியவர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பு, ஆர்.டி.ஓ. கையெழுத்தில் விடுதலைச் சான்றிதழ். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் செங்கல் சூளைக்காரன் மறுபடி வாசலில் வந்து நிற்க முடியாது. இங்கே ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. எவ்வளவு தண்டனை என்று கேட்டார்கள். மூன்று வருஷம்வரை சிறை என்று சொன்னேன். அபராதம் இரண்டாயிரம் ரூபாய்வரை என்பதை டாலரில் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு ஆரணி. ரைஸ் மில் களத்தில் புழுங்கல் நெல் காயும் வாசனை மூக்கில் ஏறினால்தான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று இருக்கும். இங்கே என்ன விலை கொடுத்தாலும் அந்த வாசனை கிடைக்காது. விடியற்காலை ஆவி பறக்கிற நெல்லைக் களத்தில் கொட்டி, காலாலேயே கிளறிக்கொண்டு போவார்கள். அந்தக் குடும்பங்கள் மில்லுக்குள்ளேயே இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டார்கள், தீபாவளிக்கும் எங்கேயும் போகமாட்டார்கள். மில்காரருக்குச் சொந்தம் போலிருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது கேள்விக்கு வருகிறேன். கோபத்தில் இந்த ஊர் வழக்குகளைத் தேடிப் படித்தேன். 2008-இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு. மெல்பர்னில் ஒரு விபசார விடுதி. தாய்லாந்திலிருந்து வந்த ஐந்து பெண்கள். தாங்களே சம்மதித்து வந்தவர்கள்தான். வந்ததும் தலைக்குச் சுமார் 45,000 டாலர் கடன் என்று கணக்கு எழுதப்பட்டது. பாஸ்போர்ட்டும் திரும்பிப் போகும் டிக்கெட்டும் முதலாளியிடம். கதவில் பூட்டில்லை, காலில் சங்கிலி இல்லை. ஒருத்தரைச் சொத்துப்போல ஆளும் அதிகாரம் கையில் இருந்தால் அது அடிமைமுறைதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொரு வழக்கைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை. மவுண்ட் வேவர்லி என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா, 2007 முதல் 2015 வரை. ஒரு மாத சுற்றுலா விசாவில் வந்தவர் எட்டு வருஷம் சமையல், பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை. கொடுத்த பணத்தை நாளுக்குப் பிரித்தால் 3 டாலர் 39 சென்ட் என்று அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. இங்கே ஒரு காப்பி அதைவிட அதிகம். 2015-இல் ஆம்புலன்ஸ் வந்தபோது குளியலறைத் தரையில் கிடந்தார். எடை 40 கிலோ. ஆஸ்பத்திரியில் வேறு பெயர் கொடுத்துச் சேர்த்தார்கள். 2021-இல் மனைவிக்கு எட்டு வருஷம், கணவனுக்கு ஆறு வருஷம் தண்டனை.

அதைக் கண்டுபிடித்ததில் எந்த நிறுவனத்தின் அறிக்கைக்கும் பங்கில்லை. ஊரில் இருந்த குடும்பத்தார் பேச்சே வரவில்லையே என்று விசாரிக்கச் சொன்னார்கள். போலீஸ் போய்க் கதவைத் தட்டியது. 2007-க்கு அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. விசா முடிந்துவிட்டதால் சட்டத்தின் கண்ணில் அவர் இங்கே இருப்பதே சட்டவிரோதம். எந்தக் கதவைத் தட்டியிருப்பார்? அந்தத் தெருவில் அவர் பேச்சு புரியக்கூடியவர்கள், அந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்துபோன நம்மைப் போன்றவர்கள்தான் இருந்திருப்பார்கள். தீர்ப்பு வந்த வாரம் கோயிலில் அன்னதானப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "ஊர்ல இருந்திருந்தா மட்டும் என்ன கிடைச்சிருக்கும்?" நான் பதில் சொல்லவில்லை. ரசம் வந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி தூக்கம் வரவில்லை. பல வருஷத்துக்கு முந்திய ஒரு நவராத்திரி ஞாபகத்துக்கு வந்தது. தெரிந்தவர்கள் வீட்டுக் கொலு. சமையலறையில் ஓர் அம்மா வடை தட்டிக்கொண்டிருந்தார். "பசங்களுக்குப் பாட்டி மாதிரி" என்றார் வீட்டு அம்மாள். எந்த ஊரும்மா என்று கேட்டேன். அவர் வீட்டு அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாளே சொன்னார்: "திருவண்ணாமலைப் பக்கம்." அட, நம்ம ஊர்ப் பக்கம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டு அம்மாளிடமே அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினேன். நாலு வடை தின்றேன்.

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சுண்டல் போட்டுக் கொடுத்தவர் வடை தட்டிய அந்த அம்மாதான். அன்றைக்கு என்னிடம் அவர் பேசியது அது ஒன்றுதான்: "டப்பா அம்மாவோடதுங்க. மறக்காம குடுத்துடுங்க."

அந்த வீட்டு அம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அடுத்த வருஷம் அவர்கள் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்கள். டப்பாவை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் இப்போது வெந்தயம் இருக்கிறது.