வெப்பம் போன வழி

கார் சூடாகிறது என்றால் எல்லோரும் முதலில் சொல்வது, ரேடியேட்டரை மாற்று என்பதுதான். மெல்பர்னில் நண்பர் வாங்கிய 1989ஆம் வருட மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் அதையும் முன்பே யாரோ மாற்றியிருந்தார்கள். புது அலுமினிய ரேடியேட்டர், புது ஹோஸ்கள், புது கூலன்ட். அப்படியும் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் வேகமாகப் போனால் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கிவிடும். ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போதோ ஒரு தொந்தரவும் இல்லை.

அந்த வித்தியாசம்தான் கையில் கிடைத்த முதல் துப்பு. நின்றால் சூடாகி, ஓடினால் தணிகிற வண்டியில் ஃபேனைச் சந்தேகிக்கலாம். இது நேர்மாறு. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று தானாக வந்து மோத வேண்டும். அது ரேடியேட்டருக்குள் போகவில்லையோ, அல்லது தண்ணீர் ரேடியேட்டருக்கே போகவில்லையோ?

வேறு காராக இருந்தால் ஓட்டி ஓட்டிப் பார்த்து, நிதானமாகக் கண்டுபிடித்திருப்போம். இந்தக் காரில் இருப்பது ரோட்டரி எஞ்சின்; அதில் அந்தச் சலுகை கிடையாது. ஏன் கிடையாது என்று புரிந்துகொள்ளப் போனபோது, தேடல் மெல்பர்னை விட்டு ஜெர்மனிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய்விட்டது.

ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய ரோட்டரி எஞ்சின் 1957 பிப்ரவரியில் ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரத்து என்எஸ்யூ ஆலையில் முதன்முறையாக ஓடியது. அதில் ரோட்டரோடு அதைச் சூழ்ந்த கூடும் சேர்ந்து சுழலும். ஸ்பார்க் பிளக்கை மாற்றவே எஞ்சினைப் பிரிக்க வேண்டும். அதே ஆலையின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி, ரோட்டரை மட்டும் அதற்குள் சுழலவிட்டார். 1958இல் ஓடிய அந்த வடிவம்தான் பின்னால் வந்த ரோட்டரி கார்களுக்கெல்லாம் மூலம்.

பிஸ்டன் எஞ்சினில் உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது நான்கும் ஒரே சிலிண்டருக்குள் மாறி மாறி நடக்கின்றன. எரிந்து சூடான சுவரை அடுத்து வரும் குளிர்ந்த காற்று கொஞ்சம் ஆற்றிவிட்டுப் போகும். முக்கோண ரோட்டரோ இந்த நான்கு வேலைகளையும் கூட்டின் நான்கு இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில் எப்போதும் நெருப்பு. காற்று நுழையும் பக்கத்தில் எப்போதும் குளிர்ச்சி. சூடான இடம் ஆறுவதற்கு முறையே வராது. போதாததற்கு, எரியும் அறை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் கொள்ளளவைப் பார்க்கச் சுவர்ப்பரப்பு அதிகம். எரியும் பெட்ரோலின் சூட்டில் பிஸ்டன் எஞ்சினைவிட அதிகப் பங்கு உலோகத்தில் இறங்கிவிடுகிறது.

ஹிரோஷிமாவின் மாஸ்டா 1961இல் இந்த எஞ்சினுக்கு உரிமம் பெற்றது. 1963இல் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் இதற்கென்றே உட்கார்ந்தார்கள். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. அந்த வழியில் வந்ததுதான் நண்பரின் காரில் இருக்கும் 13பி எஞ்சின். இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. டிபன் கேரியர் போல அடுக்கிக் கட்டியது அது. வார்ப்பிரும்பு, அலுமினியம், இரும்பு, மறுபடி அலுமினியம், இரும்பு என்று அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரைத் தடுத்து நிற்பவை மெல்லிய ரப்பர் சீல்கள். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினிய ஹவுசிங் உருத்திரியும், சீல் நசுங்கும், கூலன்ட் எரியும் அறைக்குள் கசியும். பிறகு எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. ஒருமுறை முள் சிவப்பைத் தொட்டாலே ரோட்டரிக்காரர்கள் பதறுவது இதனால்தான்.

அதனால் காரணத்தைத் தேடும் முன் சேதத்தைத் தேடினோம். எஞ்சின் ஆறியிருந்தபோது கூலன்ட் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தோம். கூலன்ட்டில் தொடர்ந்து குமிழி வரவில்லை. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் சோதனைத் திரவம் நீலமாகவே இருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை, கூலன்ட்டின் இனிப்பு வாடையும் இல்லை. சீல்கள் பிழைத்திருந்தன.

அடுத்தது ஆயில். இந்த எஞ்சினில் ரோட்டரின் உட்புறத்தைத் தண்ணீர் தொடாது. நடுத்தண்டிலிருந்து பீய்ச்சும் ஆயில்தான் அதைக் குளிர்விக்கிறது. ஆயில் கூலர் அடைத்திருந்தால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் இருந்தும் பயனில்லை. கூலரின் துடுப்புகளில் பூச்சியும் மண்ணும் இருந்தன; கழுவினோம். வெப்பம் கொஞ்சம்தான் இறங்கியது.

பிறகு வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தோம். ரேடியேட்டருக்குக் கீழே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டைக் காணோம். ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றிப் பூட்ட அலுத்துப்போய் யாரோ தூக்கிப் போட்டிருக்க வேண்டும். எதிர்க்காற்றை ரேடியேட்டருக்குள் திருப்பிவிடுவது அந்தத் தட்டுதான். அது இல்லாவிட்டால், வேகம் கூடக்கூடக் காற்று அடிவழியாக நழுவிப் போய்விடும். பழைய தட்டு ஒன்றைத் தேடிப் பொருத்தினோம். இப்போது முள் மெதுவாக ஏறியது. ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் வெப்ப உணரிகளை ஒட்டி, ஒயரைக் காருக்குள் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனதில் விஷயம் வெளியே வந்தது. மேல் ஹோஸ் கொதிக்கக் கொதிக்க இருந்தது. கீழ் ஹோஸ் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குளிர்ந்திருந்தது. அப்படியானால் ரேடியேட்டர் தனக்கு வந்த தண்ணீரை நன்றாகவே ஆற்றுகிறது. வந்து சேரும் தண்ணீர்தான் குறைவு. மிச்சம் எந்த வழியாகப் போகிறது?

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் பதில் கிடைத்தது. இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே ஒரு குறுக்குவழி உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமல் அதன் வழியே சுற்றும். சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்து, அதன் அடியில் உள்ள சின்ன வட்டத்தட்டு இறங்கிக் குறுக்குவழியை அடைக்க வேண்டும். காரில் இருந்ததோ வேறு வண்டிகளுக்கும் பொருந்தும் பொதுவகை. அளவு சரி, திறக்கும் வெப்பநிலை சரி, அடித்தட்டு மட்டும் இல்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சரியான தெர்மோஸ்டாட்டைப் பூட்டியபின், வெயில் கொளுத்திய நாளிலும் முள் தன் இடத்திலேயே நின்றது.

முன்பு இந்தக் காரைத் தொட்டவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு பல கார்களில் அந்தத் தட்டும் அடித்தட்டும் இல்லாமல் சமாளித்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் ஓயாமல் சூடாகும் எஞ்சினைப் பொறியாளர்கள் கட்டுக்குள் வைத்தது இப்படிப்பட்ட சில்லறைப் பாகங்களை வைத்துத்தான். பழைய ரோட்டரி காரை வாங்குகிறவர்கள் என்னென்ன புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததில் இப்போது என்ன இல்லை என்று முதலில் கேட்டால் பாதிச் செலவு மிஞ்சும்.