யெலாங்கின் செருக்கு

தம் அளவை அறியாது தருக்குவோரை, ‘யெலாங் தன்னைப் பெரிதென எண்ணியது போல’ என்று சீனர் எள்ளுவர். நான்கே எழுத்துக்களால் அமைந்த இத்தொடர், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்த ஒரு செய்தியினின்றும் பிறந்ததாகும்.

ஹான் பேரரசன் வூ சீனப் பெருநிலத்தை ஆண்ட காலம் அது. அவனுடைய தூதன் சாங் சியன், மேற்றிசைக்கண் உள்ள பாக்டிரியா நாட்டில், சீனத்துச் சிச்சுவான் பகுதித் துணியையும் மூங்கிற் கோலையும் கண்டு வியந்தான். அவை இந்தியாவிலிருந்து வாங்கி வரப்பெற்றவை என அந்நாட்டார் கூறினர். சிச்சுவானுக்கும் இந்தியாவுக்கும் இடையே நேர்வழி ஒன்று இருத்தல் வேண்டும் என அவன் உய்த்துணர்ந்தான். அதனைக் கேட்ட வேந்தன், தென்மேற்கு மலைகளினூடே அவ்வழியைத் தேடுமாறு கி.மு. 122-ஆம் ஆண்டில் தூதரை விடுத்தான்.

தூதர் முதற்கண் தியன் என்னும் நாட்டை அடைந்தனர். அந்நாட்டு மன்னன், “ஹான் பெரிதோ, எம் நாடு பெரிதோ?” என வினவினான். யெலாங் நாட்டுத் தலைவனும் அவ்வாறே வினவினான். இன்றைய குய்சோ மாகாணப் பகுதியில் இருந்த யெலாங், தன்னைச் சூழ்ந்த சிறுநாடுகளுள் பெரியது; ஹான் பேரரசுக்கோ அது ஒரு மூலை. சிறியவற்றோடு மட்டுமே ஒப்பிட்டுப் பழகியவன், தன்னினும் பெரியதொன்று உண்டென எங்ஙனம் அறிவான்?

வினாவை முதலில் எழுப்பியவன் தியன் மன்னன். பழியோ யெலாங்கின் பெயரில் நிலைத்துவிட்டது. ஊரார் நகை, பெரும்பாலும் ஒருவரையே பற்றிக்கொள்ளும் இயல்பினது.

இச்செய்தியை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் சுமா சியன், தாமே தென்மேற்குப் பகுதிக்குத் தூது சென்று வந்தவர். அவர் அவ்விரு தலைவரையும் இகழ்ந்தாரல்லர். வழி இன்மையால், ஒவ்வொருவரும் தத்தம் நிலத்துக்குத் தலைவராய் இருந்து, ஹானின் பரப்பை அறியாராயினர் என்றே காரணம் காட்டினார்.

வழி தேடிச் சென்ற தூதரோ, குன்மிங் மக்கள் தடுத்தமையால் இந்தியாவை அடையாது நின்றனர். பேரரசுக்கும் எட்டாத வழி ஒன்று இருந்தது! யெலாங்கின் தலைவன் பின்னர்க் கி.மு. 111-இல் ஹான் வேந்தனைப் பணிந்து, மன்னன் என்னும் பட்டம் பெற்றான்.

அறியாமையால் வினவுதல் குற்றமன்று; விடை கேட்ட பின்னும் பழைய எண்ணத்தையே பற்றி நிற்றலே செருக்காகும். பிறரை ‘யெலாங்’ என நகைப்பதற்கு முன், நம் மலைகளுக்கு அப்பால் நாம் காணாத நாடுகள் எத்துணை என எண்ணிப் பார்த்தல் நன்று.