ஏன் என்று கேட்கலாமா?

நேர்முகத் தேர்வுக்குச் சென்று வந்தவனுக்கு முன்பெல்லாம் ஓர் அஞ்சலட்டையாவது வரும். 'வருந்துகிறோம்' என்ற சொல் அதில் தவறாது இருக்கும். எவரும் உண்மையில் வருந்தவில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், பெற்றவனுக்கும் தெரியும். ஆயினும் காத்திருப்பு அன்றோடு முடிந்துவிடும். இப்போது பெரும்பாலும் அதுவும் வருவதில்லை. மௌனமே மறுமொழியாகிவிட்டது.

நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வரும் இளைஞர்களிடம், "ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தாயா?" என்று வினவுவேன். திகைத்துப் போவார்கள். கேட்பது கையேந்துவதற்குச் சமம் என்பான் ஒருவன். சண்டைக்கு வருகிறாள் என்று நினைப்பார்களே, சாமி என்பாள் மற்றொருத்தி.

சொல்லப்படாத காரணத்தின் இடத்தைக் குடும்பத்தார் தாமே நிரப்புகின்றனர். சிபாரிசு இல்லை என்பார் தந்தை. எவனோ பணம் கொடுத்திருப்பான் என்பார் தாய். பாட்டியோ சாதியைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். இவற்றை வெறும் ஐயங்கள் என்று தள்ளிவிட நான் துணியேன். நம் நாட்டில் இவை நடப்பவையே. அத்தகைய காரணத்தை எந்த மேலாளரும் எழுதித் தரவும் மாட்டார். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் அதுவே காரணம் என்று நம்பிவிட்ட பிள்ளை, தன் கையில் இருப்பதையும் திருத்திக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்த ஒரு பெண். கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் தேர்வுக்குச் சென்று வந்தாள், வேலை கிடைக்கவில்லை. பெண் என்பதால்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினாள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, முடிவை ஏற்கிறேன், அடுத்த தேர்வுக்கு முன் எதில் பயிற்சி பெற வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அவ்வளவுதான். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: வரைபடம் நன்கு புரிகிறது, ஆனால் வெர்னியரைக் கையில் கொடுத்தபோது அளவெடுக்கத் தடுமாறினீர்கள். கல்லூரியில் முப்பது பேருக்கு இரண்டு வெர்னியர்; அவள் கைக்கு அது எத்தனை முறை வந்திருக்கும்? மூன்று மாதம் ஒரு லேத் பட்டறையில் அமர்ந்து பழகினாள். வேலை வேறோர் ஆலையில் கிடைத்தது.

'ஏன் எனக்குத் தரவில்லை?' என்ற வினா எதிராளியைக் கூண்டில் ஏற்றுகிறது. வழக்கு வருமோ என்று அஞ்சுபவர் வாய் திறக்க மாட்டார். எழுதத் தயங்குபவரும் தொலைபேசியில் ஓரிரு சொல் சொல்வதுண்டு. சொல்லும்போது குறுக்கிட்டு வாதாடினால் அத்தோடு சரி.

அரசுத் தேர்வுகளின் நிலை வேறு. தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்க்கலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் அதே நீதிமன்றம், குடிமைப் பணித் தேர்வின் மதிப்பெண் விவரங்களை இயந்திரத்தனமாகத் தரச் சொல்ல இயலாது என்று ஓர் எல்லையும் வகுத்தது. தனியார் நிறுவனத்திடமோ, 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைக் காட்டி நேரடியாகக் கேட்க வழியில்லை. அங்கே நயமாகக் கேட்பதைத் தவிர வேறு கருவி இல்லை. நிறுவனம் நடத்தும் நம் மக்களும் இதை எண்ணிப் பார்க்கலாம்: இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

எல்லாருக்கும் பதில் வருவதில்லை. ஓர் இளைஞன் இருமுறை எழுதினான்; பதில் இல்லை. மூன்றாம் முறை தொலைபேசியில் அழைத்தான். எடுத்தவர் சற்றுத் தயங்கி, "அந்த இடம் முன்பே உள்ளே இருந்த ஒருவருக்கு என்று முடிவாகியிருந்தது, தம்பி" என்றார். "அப்படியானால் என்னிடம் குறை ஒன்றும் இல்லையா, சார்?" "இல்லை." ஏழு மாதத்தில் முதன்முறையாக அன்றிரவு பிள்ளை நன்றாகத் தூங்கினான் என்று அவன் தாயார் என்னிடம் சொன்னார்.