ஐந்தாவதாக வந்த குதிரை

குதிரைப் பந்தயத்திலே முதலாவதாக வரும் குதிரைக்காக ஆரவாரஞ் செய்வோரைக் கண்டிருக்கிறேன். ஐந்தாவதாக வந்த குதிரைக்காகக் கைதட்டி எழுந்த ஒருவனை 2025 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இலண்டன் மாநகரிலேதான் முதன்முதலாகக் கண்டேன். அவன் வேறு யாருமல்லன். என் தமக்கையாரின் மகன்.

அன்று சனிக்கிழமை. மதிய உணவு முடிந்து நான் சாய்மனைக் கதிரையிற் கண்ணயர்ந்திருந்தேன். தொலைக்காட்சியிலே பதினாறு குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னே சென்ற குதிரைகளை அவன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பின்னே ஓடிய கபில நிறக் குதிரை ஒன்றையே கைவிரலாற் சுட்டிக்கொண்டு, "ஐந்து! ஐந்திலேயே நில்!" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். அது அவ்வாறே ஐந்தாவதாக வந்ததும், "மாமா, நாற்பத்தெட்டுப் பவுண்!" என்று துள்ளி எழுந்தான்.

என் மனம் துணுக்குற்றது. சமையலறை வாசலிலே நின்ற தமக்கையாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாது உள்ளே போய்விட்டார்.

அதன் காரணம் எங்கள் இருவருக்குமே தெரியும். எங்கள் தந்தையார் கொழும்பிலே அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதராக இருந்தவர். நல்லவர், குடியாதவர், கோயிலுக்குப் போகிறவர். ஆனால் ஐம்பதுகளின் தொடக்கத்திலே ரீட் அவெனியூப் பந்தயத் திடல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வரவேண்டிய காசுக்கட்டளை சில மாதங்களில் வாராது. அம்மாவின் தாலிக்கொடி நீங்கலாக மற்றைய நகைகள் யாவும் ஒவ்வொன்றாக அடைவுக்குப் போயின. ஒரு விடுமுறையிலே ஊருக்கு வந்தவர், பன்னிரண்டு வயதுச் சிறுமியாயிருந்த அக்காவின் காப்பிரண்டையும் கேட்டார். "அடுத்த மாதம் மீட்டுத் தருவேன், பிள்ளை" என்றார். அக்கா தானே கழற்றிக் கொடுத்தார். அக்காப்புகள் திரும்பி வரவேயில்லை. அன்று முதல் எங்கள் வீட்டிலே குதிரை என்ற சொல்லைக்கூட எவரும் உரத்துச் சொல்வதில்லை.

அன்றிரவு மருமகனைத் தனியே அழைத்து, "தம்பி, உன் பாட்டனாரின் கதை உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் மாமா. அவர் ஆடியது சூது. நான் செய்வது கணிதம். நீங்கள் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர்கள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று, ஒரு குறிப்புப் புத்தகத்தை என் முன் வைத்தான். ஆசிரியனுக்கு இவ்வாறு ஒரு சவால் விடுத்தால் அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் இருப்பானா? நானும் உட்கார்ந்தேன்.

அவன் விளக்கியதை வாசகர்க்கும் கூறுகிறேன். 'ஈச் வே' என்று ஒரு குதிரையின் மீது பணம் கட்டுவது உண்மையிலே இரண்டு பந்தயங்களைக் கட்டுவதாகும். ஒரு பாதி அக்குதிரை முதலாவதாக வரும் என்பதற்கு; மறு பாதி அது முன்னணி இடங்களுள் ஒன்றிலே வரும் என்பதற்கு. வலிய குதிரைக்குக் கூடிய பாரமும் மெலிய குதிரைக்குக் குறைந்த பாரமும் ஏற்றிச் சமன்செய்யும் 'ஹண்டிகப்' ஓட்டங்களிலே, 16 குதிரைகளோ அதற்கு மேலோ ஓடினால், முதல் நான்கு இடங்களுக்குப் பணங் கொடுப்பது வழக்கம். இடத்துக்குரிய பாதிக்கு, வெற்றிக்குரிய விலையின் காற்பங்கே கிடைக்கும்.

பெரிய ஓட்டங்களின்போது பந்தயக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரைத் தம்பால் இழுக்கும் பொருட்டு, "நான்கு இடங்களுக்கல்ல, ஐந்து இடங்களுக்குக் கொடுப்போம்" என விளம்பரஞ் செய்வர். லிவர்ப்பூல் நகருக்கருகே எயின்ட்ரீயில் நடைபெறும் கிராண்ட் நாஷனல் ஓட்டத்திலே, முன்னர் 40 குதிரைகள் வரை ஓடின. 2024 முதல் 34 குதிரைகளுக்கே இடமுண்டு. அவ்வோட்டத்துக்கு ஆறு, ஏழு இடங்கள் வரைகூடக் கொடுக்க முன்வரும் கடைகள் உள்ளன. இதுவே 'மேலதிக இடம்' எனப்படும் சலுகை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2000 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் பெட்பெயார் என்னும் பந்தயச் சந்தை தொடங்கப்பட்டது. அதுபோன்ற சந்தையிலே கடைக்காரர் இல்லை. ஒருவர் 'இக்குதிரை வெல்லும்' எனக் கட்ட, முகமறியாத இன்னொருவர் 'வெல்லாது' என எதிர்கட்டலாம். சந்தை நடத்துவோர் தரகு மட்டும் எடுத்துக்கொள்வர். அங்கே வழக்கமான இடப்பந்தயம் நான்கு இடங்களோடு நின்றுவிடும். கடை ஐந்து என்கிறது. சந்தை நான்கு என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள அந்த ஓரிடத்திலேதான் என் மருமகன் குடியிருந்தான்.

அவன் காட்டிய உதாரணம் இது. ஒன்றுக்குப் பதினாறு என்ற விலையிலே ஒரு குதிரைக்குக் கடையில் 20 பவுண் கட்டுகிறான்; வெற்றிக்குப் பத்து, இடத்துக்குப் பத்து. உடனே சந்தைக்குப் போய், அதே குதிரை வெல்லாது என்றும், நான்கு இடங்களுக்குள் வாராது என்றும் ஏறத்தாழ ஒன்பது ஒன்பது பவுணுக்கு எதிர்கட்டுகிறான். குதிரை வென்றால் கடையில் வரும் 200 பவுண் சந்தையிலே போய்விடும். பின்தங்கினால் கடையிலே போன 20 பவுணில் 18 பவுண் சந்தையில் திரும்பிவிடும். எப்படியாயினும் நட்டம் ஏறக்குறைய இரண்டு பவுண். ஆனால் குதிரை சரியாக ஐந்தாவதாக வந்தால், கடைக்காரர் 'இடம் பிடித்தது' என்று பணம் தருவார். சந்தையோ 'இடம் பிடிக்கவில்லை' என்று பணம் தரும். இரு கையாலும் வாங்கினால் இலாபம் 48 பவுண்.

நான் தாளிலே போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து முறைக்கு ஒரு முறை ஐந்தாவது இடம் வாய்த்தாலே நட்டமில்லை. பதினாறு குதிரை ஓடும்போது ஒரு குதிரை ஐந்தாவதாக வருவது, பொதுப்படையாகச் சொன்னால், பதினாறில் ஒன்று. ஆகவே கணிதம் அவன் பக்கமே நின்றது. அவனுடைய புத்தகத்திலே ஒன்பது மாதத்தில் 320 பந்தயங்கள் இருந்தன. அவற்றுள் இருபதிலே ஐந்தாம் இடம் வாய்த்திருந்தது. நட்டம் 600 பவுண். இலாபம் 960 பவுண். மிச்சம் 360 பவுண். பிரித்தானியாவிலே பந்தயத்தில் வெல்பவர் தாம் வென்றதற்கு வரி செலுத்தவும் வேண்டியதில்லை.

"விடை சரி, தம்பி" என்று ஒப்புக்கொண்டேன். அவன் முகம் மலர்ந்தது.

ஆயினும் ஆசிரியர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடை சரியாயிருந்தாலும், விடுபட்ட படி எது என்று தேடுவார்கள். 20 பவுண் பந்தயத்தை ஈடுகட்டச் சந்தையிலே 200 பவுணுக்கு மேல் முடங்கியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு குதிரை விலகி, பதினாறு பதினைந்தாகிவிட்டால், சில வேளை கடைக்காரர் சலுகையை நிறுத்தி மூன்று இடங்களுக்கே பணங் கொடுப்பார். சந்தையோ நான்கிலேயே நிற்கும். அவ்வேளை குதிரை நான்காவதாக வந்தால் இரு பக்கமும் நட்டம். 50 பவுணுக்கு மேல் ஒரே நொடியிற் போய்விடும். இவையெல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்தன. அவன் தன் புத்தகத்தில் எழுதாத ஒன்று மாத்திரம் இருந்தது.

"ஒரு பந்தயத்தைத் தேடிப் பிடித்து, விலை ஒப்பிட்டு, இரு பக்கமும் கட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"அரை மணித்தியாலம் ஆகும்."

"அப்படியானால் 160 மணித்தியாலம். 360 பவுணை அதாற் பிரித்துப் பார்."

அவன் பிரித்துப் பார்த்தான். மணிக்கு இரண்டேகாற் பவுண். அந்தச் சித்திரையிலே பிரித்தானியாவில் 21 வயது நிரம்பிய தொழிலாளிக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டிய குறைந்த மணிக்கூலி 12 பவுண் 21 பென்ஸ். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பின்பு, "பந்தயத்தொகையைக் கூட்டினால் இதுவும் கூடும் மாமா. ஆனால் இப்போது கூட்ட வழியில்லை" என்றான்.

அங்கேதான் உண்மையான சங்கதி வெளிவந்தது. கடைக்காரர்கள் கண்மூடியிருப்பவர்கள் அல்லர். தோற்பவனை விருந்தாளிபோல உபசரிப்பார்கள். மேலதிக இடத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறவனை விரைவில் இனங்கண்டு, சில பென்ஸுக்கு மேல் கட்ட விடமாட்டார்கள். மருமகனின் கணக்குகளுட் பெரும்பாலானவை அவ்வாறு முடக்கப்பட்டுவிட்டன. ஆதலால், தாயாரின் பெயரிலே புதிய கணக்குகளைத் திறந்து, தானே அவற்றை நடத்த எண்ணியிருந்தான். ஒருவர் பெயரிலே மற்றொருவர் பந்தயம் கட்டுவது கடைகளின் விதிக்கு மாறானது. பிடிபட்டால் பணத்தைத் தடுத்துவைப்பார்கள். பொய் சொன்னவர் என்ற பெயர் தாயாருக்கே வரும். "அம்மா ஒரு சதமும் இழக்கமாட்டா மாமா. பெயர் மட்டும்தான். நீங்கள் சொன்னால் சம்மதிப்பா" என்றான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நளன் கதை நினைவுக்கு வந்தது. சூதிலே நாடிழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியாயிருந்த காலத்தில், தான் அறிந்த குதிரை வித்தையைக் கொடுத்து, அவ்வரசன் அறிந்த எண்ணும் வித்தையைப் பெற்றுக்கொண்டான் அன்றோ? எண்ணக் கற்றதும் கலி அவனைவிட்டு அகன்றது. மறுபடியும் ஆடி நாட்டை மீட்டான். என் தந்தையார் எண்ணத் தெரியாமல் ஆடிய நளன்; என் மருமகன் எண்ணக் கற்றபின் ஆடும் நளன். அந்த மட்டில் அவன் பேச்சு நியாயமே. ஆனால் நளன் மீட்டது தான் இழந்த பொருளை. இவன் கையில் வரும் 48 பவுண் எங்கிருந்து வருகிறது? கடைக்காரர் விளம்பரத்துக்கென ஒதுக்கிய பணம் என்பான். அந்த விளம்பரத்தைக் கண்டு மயங்கி, எதிர்கட்டத் தெரியாமல், வெறுங்கையோடு வீடு திரும்பும் ஆயிரம் பேருடைய பணமல்லவா அது? அவர்களுள் எத்தனை இலிகிதர்கள் இருப்பார்களோ, எத்தனை சிறுமிகள் காப்பைக் கழற்றியிருப்பார்களோ!

காலையிலே தேநீர் அருந்தும்போது தமக்கையார் தாமாகவே பேச்சைத் தொடங்கினார். "தம்பி, இவன் என் பெயரைக் கேட்கிறான். காசு போகாதாம். கணக்குச் சரியோ?" என்று என்னைக் கேட்டார்.

"கணக்குச் சரி அக்கா. நான் பார்த்துவிட்டேன்" என்றேன். உண்மையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் தமது வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு மகனை நோக்கிச் சொன்னார்: "அப்பாவும் சரி என்றுதான் கேட்டவர். காப்பைக் கொடுத்தேன். அது பொன், போனால் உழைத்து வாங்கலாம். இந்த நாட்டிலே முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஒருவருக்கும் பொய்க் கையெழுத்து வைக்காத பெயர் இது. இதை மீட்க அடைவுகடை இல்லை, மகனே."

மருமகன் கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். இரண்டு நாள் எங்கள் இருவருடனும் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் ஊருக்குப் புறப்பட்டபோது விமான நிலையத்துக்குத் தானே வாகனம் ஓட்டி வந்தான். வழி நெடுகிலும் மௌனமாயிருந்தவன், என் பெட்டியை இறக்கி வைத்தபின், "மாமா, அந்த மணித்தியாலக் கணக்கை முன்பே போட்டிருக்கவேண்டும்" என்றான்.

"கணக்கைப் பார்த்து விட்டுவிடப் போகிறாயா, அம்மாவைப் பார்த்தா?" என்று கேட்டேன்.

அவன் மறுமொழி சொல்லவில்லை. குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. சில கேள்விகளுக்கு விடை எழுதுமாறு மாணவனை வற்புறுத்தலாகாது. அவன் தானாக எழுதும் வரை காத்திருக்க வேண்டும்.