விலாசம்

வெண்டைக்காய்க்கு இரண்டு உபயோகங்கள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. மற்றது குழந்தைகளுக்கு மட்டுமே தெரியும். காயைக் குறுக்கே நறுக்கி, வெட்டிய முகத்தை வண்ணத்தில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றி எடுத்தால், ஐந்து இதழ்ப் பூ ஒன்று பதிந்துவிடும். சென்ற மார்கழியில் ஒருநாள் சாம்பாருக்கென்று வாங்கி வைத்திருந்த கால் கிலோ வெண்டைக்காயும் எங்கள் வீட்டில் இந்த இரண்டாவது உபயோகத்துக்கே போய்விட்டது. அன்று வெறும் ரசத்தோடு சாப்பாடு முடிந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தில் மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

குற்றம் என்னுடையதுதான். அரையாண்டு விடுமுறை. பெரியவளுக்கு வயது பத்து, சின்னவனுக்கு ஆறு. இருவருமாக வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த சமயத்தில், "பொங்கலுக்கு நம் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து அனுப்பலாமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்க் கெட்டி அட்டையும், உறைகளும், ஒரு பொட்டலம் ஜிகினாவும் வாங்கி வர வேண்டியதாயிற்று.

நான் சிறுவனாக இருந்தபோது, 1980-களின் கடைசியிலும் 1990-களிலும், மார்கழி பிறந்தால் கடை வாசல்களில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும், முருகனும், சினிமா நட்சத்திரங்களும் ஒரே கயிற்றில் சமரசமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால் செலவு குறையும். யாருக்கு எந்த நட்சத்திரத்தை அனுப்புவது என்பதில் என் அக்காவுக்கும் எனக்கும் வருஷா வருஷம் சண்டை வரும். வருஷா வருஷம் அவள்தான் ஜயிப்பாள்.

இந்த அட்டை வழக்கத்தின் பூர்விகம் வேடிக்கையானது. லண்டனில் 1843-ஆம் வருஷம் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பதில் எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்துவிட்டன. உட்கார்ந்து எழுத அவகாசம் இல்லை. ஹார்ஸ்லி என்ற சைத்ரிகரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, ஆயிரம் பிரதிகள் அச்சடித்துவிட்டார். விலை ஒரு ஷில்லிங். அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்பார்கள். ஆக, அச்சு அட்டை பிறந்ததே நேரமில்லாத குறையினால்தான். அந்த மனிதரைப் பரிகாசம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. அவராவது ஒவ்வொரு அட்டையிலும் பெயர் எழுதியிருப்பார். அதற்கு முந்தின பொங்கலுக்கு நான் கைபேசியில் ஒரே படத்தை ஒரே தட்டலில் இருநூறு பேருக்கு அனுப்பியவன். அவர்களில் ஒருவர் முகமாவது மனசில் வந்ததா என்றால், இல்லை.

கையால் செய்கிற அட்டையில் அந்தச் சௌகரியம் கிடையாது. வண்ணம் காய்வதற்கே கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணியும் குழந்தைகள் அட்டை யாருக்கோ அவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். "பாட்டிக்குப் பச்சை பிடிக்குமா? கண்ணாடி இல்லாமல் தெரிகிற மாதிரி பெரிசாக எழுதட்டுமா?" நடுவில் சின்னவன் வரைந்த பானை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைப் பார்த்து, நேராக்கலாம் என்று பென்சிலை எடுத்தேன். "தொடாதீங்கப்பா. உள்ளே பொங்குது, அதான் ஆடுது" என்றான். யுனிசெப் ஸ்தாபனம் 1949-இல் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையே, செக்கோஸ்லோவாக்கியாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தீட்டிய படம்தான். அதை யாரும் பென்சிலால் திருத்தியிருக்க மாட்டார்கள். நானும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அட்டைகள் காய்ந்தன. நான் விலாசம் சொல்லச் சொல்லப் பெரியவள் உறைமேல் எழுதினாள். பாட்டிக்கு, மாமாவுக்கு, ஊர் மாறிப் போன சிநேகிதிக்கு. கடைசியாக, எல்லாவற்றிலும் அதிகமாக வெண்டைக்காய்ப் பூ விழுந்திருந்த அட்டையை எடுத்து, "இது ஸ்ரீரங்கம் அத்தைக்கு. சொல்லுங்கப்பா" என்றாள்.

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தகப்பனார் வீட்டை விற்றபோது அக்காவுக்கும் எனக்கும் வார்த்தை தடித்துவிட்டது. பணத்தால் வந்த தகராறுகூட இல்லை. நான் சொன்ன ஒரு சொல்லால் வந்தது. அதன் பிறகு அவள் ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு கட்டிக் குடி போனாள். கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லி அனுப்பினாள், நான் போகவில்லை. ஆனால் பொங்கல் சீரை மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு வருஷமும் பாங்க்கு மூலம் பணமாக அனுப்பிவிட்டேன். கடமை முடிந்தது என்று மார்பு நிமிர்த்திக்கொண்டும் இருந்தேன். அவளுடைய பாங்க்குக் கணக்கு எண் எனக்கு மனப்பாடம். கதவு எண் தெரியாது.

குழந்தை பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் டெலிபோன் செய்தேன்.

"அக்கா, உன் வீட்டு விலாசம் வேணும்."

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "எதுக்கு? வக்கீல் நோட்டீஸா?" என்றாள்.

"இல்லை. குழந்தை உனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பறாளாம்."

மறுபடியும் மௌனம். அப்புறம் கதவு எண், தெருப் பெயர் எல்லாம் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. வாசலில் பவழமல்லி இருக்கிறது, மாடிப் படி வெளிப் பக்கம், அழைப்பு மணி ரிப்பேர், கதவைத் தட்ட வேண்டும் என்று தபால்காரருக்குத் தேவையில்லாத சமாசாரங்களையும் சொன்னாள். "பின்கோடு எழுதிக்கோ. ஆறு இலக்கமும் சரியா இருக்கணும்" என்று இரண்டு தரம் சொல்லி வைத்துவிட்டாள். சௌக்கியமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தபாலாபீசில் ஒவ்வொரு உறையாக நிறுத்துப் பார்த்தார்கள். 20 கிராமுக்குள் இருந்தவற்றுக்கு 5 ரூபாய்த் தபால்தலை போதுமானதாக இருந்தது. சின்னவன் பானையைச் சுற்றி நிஜ அரிசி ஒட்டியிருந்த அட்டைக்கு மட்டும் கூடுதலாக ஒட்ட நேர்ந்தது.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் பொறுத்து என் பெண் பேருக்கு ஒரு கார்டு வந்தது. "பூ நன்றாக இருக்கிறது. அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். உன் அப்பா சின்ன வயதில் வெண்டைக்காய் சாப்பிட மாட்டான், தட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பான்" என்று எழுதியிருந்தாள். எனக்கென்று ஒரு வரி இல்லை. ஆனால் ஒரு பக்கமாக அவள் விலாசத்தை மறுபடியும் முழுசாக எழுதி, அதன் கீழே, "ஜங்ஷனில் இறங்கினால் 1-ஆம் நம்பர் பஸ்" என்று சேர்த்திருந்தாள்.

பத்து வயதுக் குழந்தைக்கு எந்தப் பஸ் ஏறுவது என்று எதற்காக எழுத வேண்டும்? கார்டை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். பிறகு திருச்சிக்கு நாலு டிக்கெட் வாங்கி வந்தேன்.